வாங்கின மாடலா? செய்த கருவியா?



அறிவியல் கண்காட்சி வந்தாலே பலருக்குச் சென்னை ரிச்சி தெருதான் ஞாபகம் வருகிறது. ரெடிமேட் மாடல் ஒன்றை வாங்கிப் பெயர் எழுதி ஒட்டினால் முடிந்தது. "இது எப்படிப்பா வேலை செய்யுது?" என்று யாராவது கேட்டால்தான் முழி பிதுங்கும்.

என் கருத்து இதுதான்: இந்த வருஷம் நாமே ஒரு ஆசிலாஸ்கோப் செய்வோம்.

மல்டிமீட்டர் மின்னழுத்தத்தை ஒரு எண்ணாகச் சொல்லும். ஆசிலாஸ்கோப் அது ஏறி இறங்குவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும். கடையில் வாங்கினால் பல ஆயிரம் ரூபாய். நமக்கு ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டும் பள்ளிக் கம்ப்யூட்டரும் போதும். அந்தப் போர்டின் மைக்ரோகன்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட் வரை 1024 படிகளாகப் பிரித்து, நொடிக்குச் சுமார் 10,000 முறை அளக்கும். குண்டு பல்பு எதிரே ஒரு ஃபோட்டோடயோடை வைத்துப் பாருங்கள். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறைவது திரையில் தெரியும்! (வீட்டுக் கரண்டைப் போர்டில் நேராகக் கொடுக்கவே கூடாது. உயிருக்கே ஆபத்து.)

"இது பொம்மை ஸ்கோப்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் பொய்யான அலையைக் காட்டும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னாடி சுற்றுகிற மாதிரி! ஆனால் கருவி எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பது, அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் நன்றாகப் புரியும்.

இது வெறும் கனவு இல்லை. புதுடெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஆராய்ச்சி மையமான ஐ.யு.ஏ.சி. 2004-ல் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து வந்த 'எக்ஸ்பைஸ்' என்ற சின்னப் பெட்டிக்குள் இருப்பதும் மைக்ரோகன்ட்ரோலர்தான். ஆசிலாஸ்கோப் வேலையையும் செய்யும். அதன் சர்க்யூட்டையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம்.

நம் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில், 2010-ல் ரெனோ நிசான் கார் ஆலை திறந்தது. 2012-ல் டைம்லர் லாரி ஆலை வந்தது. இன்றைய வண்டி எதுவும் சென்சாரும் கன்ட்ரோல் போர்டும் இல்லாமல் ஓடாது. நம் அண்ணன்களும் அக்காக்களும் ஷிப்ட் பஸ் ஏறித்தான் இந்தப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறார்கள். போர்டை மாட்டுகிற வேலை ஒன்றும் குறைந்ததில்லை. ஆனால் "இது ஏன் ஓடலை?" என்று அலையைப் பார்த்துச் சொல்கிற நாற்காலியிலும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் உட்கார வேண்டாமா?

ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய நிதி அல்ல. இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மேசை, வாரத்துக்கு ஒரு மணி நேரம். நண்பர்களே, நீங்கள் ரெடியா?