ஒரு சென்ட் மனையில் ஒரு வீடு: வீட்டுப் பஞ்சம் தீர வழி இதுதானா?

அப்பா, அம்மா, மகன், மருமகள், காலேஜ் போகும் தங்கச்சி. வீடோ ஒரே அறை! புது ஜோடி எங்கே படுப்பது?

சிரிக்கிற விஷயம் அல்ல. நம் நாட்டு நகரங்களின் வீட்டுப் பஞ்சம் பெரும்பாலும் இதுதான்.

மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2012-ல் கணக்குப் போட்டது. நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் கூரையே இல்லாதவர்கள் சுமார் 5 லட்சம் குடும்பங்கள்தான். இடநெருக்கடியில் சிக்கியவர்கள் 1½ கோடி! கல்யாணமான ஜோடிக்குத் தனி அறை இல்லை என்றால் அதுவும் பற்றாக்குறைதான் என்று குழு சேர்த்துக் கொண்டது.

இன்னொரு வேடிக்கை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் 1 கோடிக்கும் மேல். வீடு இருக்கிறது. ஆனால் குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டவில்லை.

அரும்பாக்கத்தில் நடந்தது

சென்னையில் இதற்கு ஒரு வழி முன்பே செய்து பார்க்கப்பட்டது. 1977-ல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய 3 இடங்களில் மனை போட்டார்கள். சின்ன மனை ஏறத்தாழ ஒரு சென்ட். ஒரு கிரவுண்டில் அஞ்சாறு மனை!

ரோடு, தண்ணீர், சாக்கடை எல்லாம் அரசு போட்டுக் கொடுத்தது. மனையில் ஒரு கக்கூஸ், மிஞ்சினால் ஒரு அறை. மீதியை "நீங்களே கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ளுங்கள்" என்று விட்டு விட்டார்கள். பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஏழைகளின் மனை விலையைக் குறைத்தார்கள்.

ஆரம்பத்தில் பல மனைகள் காலியாகக் கிடந்தன. "திட்டம் படுத்து விட்டது" என்று பேச்சு கிளம்பியது. உலக வங்கியும் மெல்ல ஒதுங்கிக் கொண்டது.

அப்புறம் ஆய்வாளர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். 2018-ல் ஆய்வு வெளியானது. படுத்துப் போனதாகச் சொன்ன இடங்கள் நிரம்பி வழிந்தன! ஒற்றை அறை, மாடி வீடாக வளர்ந்திருந்தது. மகனுக்குக் கல்யாணமா? மேலே ஒரு அறை. கைச்செலவுக்குப் பணம் வேண்டுமா? கீழே ஒரு கடை, வாடகைக்கு ஒரு குடித்தனம்.

சொந்தக்காரர்கள் சிலர் விற்றுவிட்டுப் போனதும் உண்டு. மறைப்பதற்கில்லை.

மேலே கட்ட முடியாத வீடு

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைக் குடும்பங்களுக்கு அங்கே 8 அடுக்குக் குடியிருப்பு. சிமெண்டு வீடு, சந்தேகமில்லை. ஆனால் நகரின் நடுவே இருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல்! வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலருக்கு வேலையே போயிற்று. மகன் கல்யாணத்துக்கு மேலே ஒரு அறை போடலாமா? மேலே இன்னொருவர் வீடு!

சின்ன வீடு என்றால் வெயிலில் வேகாதா? வேகும், கான்கிரீட்டை அப்படியே விட்டால். மேலே சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய மெட்ராஸ் வழக்கம் இதற்குத்தான். திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர், செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்று இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம். வெக்கையும் குறைவு. ஆனால் பின்னால் மாடி எழுப்புவதாக இருந்தால், அஸ்திவாரத்தையும் மாடிப்படிக்கு இடத்தையும் முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் செங்கலில் இல்லை, நிலத்தில். 1977-ல் அரும்பாக்கம் ஊர்க்கோடி. 2002-ல் பக்கத்திலேயே கோயம்பேடு பஸ் நிலையம் வந்தது. 2015-ல் மெட்ரோ ரெயிலும் வந்து விட்டது. அந்த விலையில் அங்கே இனி ஒரு சென்ட் கிடைக்குமா?

மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை மாதவரம், பூந்தமல்லி, சிறுசேரியைத் தொடுகிறது. அங்கெல்லாம் மனை விலை, ரெயிலுக்கு முன்னாடியே ஓடிவிட்டது. அந்தப் பக்கம் அரசு கையில் மிச்சமிருக்கும் நிலத்தில் எத்தனை ஒரு சென்ட் மனை பிரிப்பார்கள்?