கலிலேயோவும் நம் பிள்ளைகளும்

சிறுவர்க்கெனத் தாமே எழுதித் தாமே வரைந்து, கலிலேயோவின் வாழ்வை 1996-இல் நூலாக்கினார் பீட்டர் சீஸ். 1949-இல் செக்கோஸ்லோவாக்கியாவிற் பிறந்தவர். 1982-இல் திரைப்படப் பணிக்காக அமெரிக்கா சென்று, திரும்புமாறு பொதுவுடைமை அரசு ஆணையிட்டும் அங்கேயே தங்கிவிட்டவர். விசாரணைப் பக்கத்தில், திருச்சபைப் பெரியோர் நடுவே கலிலேயோ சிறு உருவாய்த் தனித்திருக்கிறார். அதிகாரத்தின் ஆணை இன்னதென அறிந்த கையன்றோ அதனை வரைந்தது!

இதனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா எனப் பெற்றோர் தயங்கக்கூடும். தாராளமாகக் காட்டலாம். 1633-இல் தண்டிக்கப்பட்டவர், 1642-இல் இறக்கும்வரை காவலில் இருந்தார். அன்றைய இறையியலாரின் தவற்றை 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே வெளிப்படையாக ஏற்றாரே! படத்தில் விரலை வைத்து, "சூழ்ந்திருப்போர் யார்?" எனப் பிள்ளை வினவினால், "நம்மவர்" என்றே சொல்லுவோம்.