சொறி சொல்லு!

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் கேவலார் மாதாவிடம் போகிற ஜேர்மன் தமிழ்ச் சனத்தில் நாங்களும் ஒரு குடும்பம். மடுவுக்குப் போக வழியில்லாத காலத்தில் தொடங்கிய பழக்கம். வேதக்காரர் மட்டுமில்லை, சைவச் சனமும் திரண்டு வரும். 1642ஆம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கிற மாதா படம் உள்ளங்கையளவு கடதாசிப் படம்தான். துயரப்படுகிறவர்களின் ஆறுதல் என்று அந்த மாதாவுக்குப் பெயர்.

போன முறை போகிற வழியில் காருக்குள் சண்டை. மகள் அம்மம்மாவைப் பார்த்து வரைந்த படத்துக்குச் சின்னவன் மீசை கீறிவிட்டான். நல்ல மீசை, சொல்லக்கூடாது.

"அக்காட்டை சொறி கேள்" என்று அதட்டினேன். வெளியில் பார்த்துக்கொண்டே "என்ட்ஷுல்டிகுங்" என்றான்.

"சரி, நீயும் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு பிள்ளை."

"அவனுக்குக் கவலையே இல்லை. நான் ஏன் சொல்லவேணும்?" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் செபம் சொல்லேக்க அந்த இடத்திலை குரலைக் குறைப்பியள் அம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்று வருகிற அந்த வரிதான். 13 வயதுப் பிள்ளை இதை எப்போது கவனித்தாள்?

1995 யூலை 9. வலிகாமத்தில் இடம்பெயர்ந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தங்கியிருந்தபோது விமானக் குண்டு விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதில் ஒருவர் என் சின்னம்மா. நாங்கள் கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டதால் தப்பினோம். எனக்கு அப்போது 15 வயது. அன்றிலிருந்து அந்த வரி எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அந்தக் குண்டுக்காக இன்றுவரை ஒருவரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முந்தி ஒரு திருப்பலியில் ஒரு பாதர், பழசை மறந்து மன்னித்தால்தான் சமாதானம் வரும் என்று பிரசங்கம் வைத்தார். நல்ல மனிசன். ஆனாலும் நான் காருக்குள் பிள்ளைகளிடம் செய்ததைத்தான் அவர் எங்களிடம் செய்தார் என்று இப்போது படுகிறது. சத்தம் அடங்கவேண்டும், அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அவசரம்.

வேதத்தில் இதைவிடப் பொறுமை இருக்கிறது. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் யேசு, சகோதரன் பிழை செய்தால் முதலில் அவனைக் கண்டிக்கச் சொல்கிறார், மனம் வருந்தினால் மன்னிக்கச் சொல்கிறார். சிலுவையில் தொங்கும்போதும் பிதாவிடம் அவர்களை மன்னிக்கும்படி கேட்டார். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியாததை அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பழிவாங்க நான் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு வெறுப்பை ஊட்டவும் இல்லை. வராத வருத்தத்துக்கு மன்னிப்பு வந்துவிட்டது என்று பொய் சொல்லத்தான் மாட்டேன்.

இப்போது வீட்டில் யாரையும் சொறி சொல்லு என்று கட்டாயப்படுத்துவதில்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால், சின்னவன் தன் புதுக் கலர்ப் பென்சில் பெட்டியை அக்காவின் தலையணையில் வைத்துவிட்டு நித்திரையாகிவிட்டான். அவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள். திறக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.