கிரகணத்தின் மேல் பழி

முதுகு பிளந்தோ, மண்டை மூடாமலோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதல் குற்றவாளி பெற்றவள்தான். கிரகணத்தன்று வெளியில் போனாளா, காய் நறுக்கினாளா என்று மாமியார் முதல் ஜோசியன் வரை விசாரணை நடக்கிறது. ஒன்றும் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது பூர்வஜென்ம கர்மம்! அதற்கொரு சாந்தி, சாந்திக்கொரு தட்சணை.

தோழர்களே! உண்மையில் நடப்பதென்ன? கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் தகடு போன்ற ஒரு பாகம் தோன்றுகிறது. வெற்றிலையைச் சுருட்டுவதுபோல் அதன் இரு ஓரங்களும் எழும்பிச் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. இதுவே நரம்புக் குழாய். மூளையும், தண்டுவடமும், அவற்றிலுள்ள கோடானுகோடி நரம்பணுக்களும் இதிலிருந்தே உண்டாகின்றன. சுமார் 28 நாளுக்குள் இக்குழாய் மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளை வளராது; கீழ்ப்பாகம் மூடாவிட்டால் முதுகு பிளந்திருக்கும். அந்நாளில் தான் கர்ப்பிணி என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. அப்படியிருக்க, அவள் கிரகணத்துக்கு ஒளிந்துகொள்வது எப்படி? நன்றாய் மூடிய குழாயை ஐந்தாம் மாதத்துக் கிரகணம் வந்து திறந்துவிடுமா?

இதற்கு வழி கண்டது எந்த ரிஷி? லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் டாக்டர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் அதைத் தீர்க்கும் பொருள் இருப்பதை 1931-இல் வெளியிட்டார். அதுவே போலிக் அமிலம். 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் பெயரிட்டார்கள். முன்பு இத்தகைய கருவைச் சுமந்த பெண்களை ஏழு நாடுகளில் சோதித்ததன் முடிவு 1991-இல் வெளிவந்தது. அம்மருந்தை உண்டவர்களுக்கு இக்குறை மறுபடி நேர்வது 100-க்கு 72 பங்கு குறைந்தது!

பரம்பரையாலும், நீரிழிவாலும், சில மருந்துகளாலும் இக்குறை வருவதுண்டு. எல்லாவற்றையும் மாத்திரை தடுத்துவிடாது. ஆனால் எந்தச் சாந்தியாவது 100-க்கு ஒன்றைத் தடுத்ததாகக் கணக்குக் காட்டுவார்களா?

ஆதலால் நாம் சொல்வது இதுதான். பொருத்தம் பார்க்கும் காசை மாத்திரைக்குச் செலவிடுங்கள். கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, முதல் மூன்று மாதம் முடியும்வரை, தினம் 400 மைக்ரோகிராம் போதும். முன்பு இக்குறை நேர்ந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு அதிகம் உண்ணவேண்டும். இதைக் கல்யாண மேடையிலேயே சொல்லுங்கள். வளைகாப்பில் சொன்னால் காலம் கடந்துவிடும். பிள்ளை பெற்றவளைக் குற்றக் கூண்டில் ஏற்றும் வீட்டில் சுயமரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை.