நோய் தீராவிடினும் நடை மீளலாம்

நோயை வேரோடு களையாத சத்திரசிகிச்சையால் யாது பயன் என்று வினவுவோர் பலர். புற்றுநோய் பரவிய இடுப்பு மூட்டைச் சீரமைக்கும் சத்திரசிகிச்சை இவ்வினாவுக்குத் தக்க விடை பகர்கின்றது.

மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட்டுச் சுரப்பி, ஆண்களின் புரோத்தேற்றுச் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் என்பிலும் பரவும் இயல்புடையது. 1889ஆம் ஆண்டில் ஆங்கிலேய வைத்தியரான ஸ்டீபன் பாஜெற், புற்றுநோயை விதைக்கும், அது பரவும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். விதை எங்கும் விழலாம். ஏற்ற நிலத்திலேயே முளைக்கும். என்பு அத்தகைய நிலங்களுள் ஒன்று.

அங்கு தங்கிய நோய்க் கலங்கள், என்பைக் கரைக்கும் உடற் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. இடுப்பு மூட்டோ நாம் நடக்கும்பொழுது உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமையைத் தாங்குவது. தொடையென்பின் தலை பொருந்தியிருக்கும் கிண்ணம் கரைந்துவிட்டால், அத்தலை உள்நோக்கி அமிழும். நோயாளி ஓரடியும் வைக்க இயலாது படுக்கையிற் கிடப்பார்.

இந்நிலையிற் செயற்கைக் கிண்ணமொன்றை மட்டும் பொருத்துவதாற் பயனில்லை. அதனைத் தாங்கச் சுவரில்லை அல்லவா? அமெரிக்க வைத்தியரான கெவின் ஹறிங்டன் 1981இல் இதற்கொரு வழியை விளக்கினார். மேலேயுள்ள உறுதியான இடுப்பென்பிற் பல உலோகக் கம்பிகளைச் செலுத்தி, அவற்றைச் சுற்றி அக்கிரிலிக்குச் சீமெந்தை நிரப்பி, அதிலே புதிய கிண்ணத்தைப் பதித்தல் அம்முறையாகும். வீட்டுக் கொங்கிறீற்றுக்கு உருக்குக் கம்பி வலுவூட்டுவது போன்றதே இதுவும். சீமெந்து சில நிமிடங்களில் இறுகிவிடுவதால், என்பு வளரும்வரை காத்திராமல் நோயாளி விரைவில் எழுந்து நிற்கலாம். புண் ஆறியபின் எஞ்சிய நோயை அடக்கக் கதிர்ச் சிகிச்சை அளிக்கப்படுவதுமுண்டு.

இச்சிகிச்சை எல்லார்க்கும் ஏற்றதன்று. குருதியிழப்பு, கிருமித்தொற்று, மூட்டு நழுவுதல் முதலிய இடர்கள் இதிலுள. மருந்தும் கதிர்ச் சிகிச்சையுமே போதுமானோரும் உளர். நோயாளியின் உடல்வலிமையையும் எதிர்நோக்கக்கூடிய ஆயுளையும் சீர்தூக்கி, அவரது விருப்பத்தையும் கேட்டறிந்தே வைத்தியர்கள் முடிவு செய்வர்.

குடும்பத்தினர் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. முன்னர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், காலூன்றும்போது தொடைச்சந்தில் வலிக்கின்றதென்றோ, இரவிலும் வலி தணியவில்லையென்றோ கூறின், அதனை வாதமெனக் கொண்டு எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்தலாகாது. என்பு முறியுமுன் வைத்தியரிடம் காட்டினால் வழிகள் பலவுண்டு. நோயை முற்றாக நீக்க இயலாவிடினும், எஞ்சிய நாள்களில் ஒருவர் வலி தணிந்து, தம் காலாலேயே முற்றம்வரை நடந்துசெல்வாராயின், அது சிறிய பயனன்று.