பாட்டும் பாத்தியதையும்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டையைக் காணாத நாஞ்சில் நாட்டார் அரியர். 18-ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில், டிலனாய் என்னும் டச்சுத் தளபதி கருங்கல்லால் புதுப்பித்த கோட்டை அது. இன்று அம்மதிலின்மீது ஓர் இளைஞன் நின்று, தானே இயற்றித் தானே மெட்டமைத்த பாட்டைக் கைப்பேசியின் முன் பாடுவானாயின், அன்று மாலைக்குள் சிங்கப்பூர்த் தமிழரும் அதைக் கேட்டுவிடலாம். நாடகக் கம்பெனியின் தயவோ, சபாக் காரியதரிசியின் சிபார்சோ, சினிமா முதலாளியின் கடாக்ஷமோ அவனுக்கு வேண்டியதில்லை. இம்மாறுதலை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், பாட்டு ஊரெங்கும் பரவுவது வேறு. பாடியவன் அதைக்கொண்டு ஜீவிப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

அரக்கோணத்து இளைஞரான அறிவு இவ்வழியில் நடந்தவர். 2018-ல் சென்னையில் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடினார். 2019-ல் 'தெருக்குரல்' என்னும் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சு மாதம் சந்தோஷ் நாராயணன், தீ ஆகியோருடன் அவர் வெளியிட்ட 'எஞ்ஜாய் எஞ்சாமி' பல கோடித் தடவை கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டியின் தலைமுறையை நினைந்து பிறந்த பாட்டு அது. ஆனால், 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்று வருஷங்கள் ஆனபோது, அதனால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லையென்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். வெளியிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள வியாஜ்யத்தில் தீர்ப்புச் சொல்லுவது நமது வேலையன்று. கீர்த்தி பெருகிய மூவருக்கே இத்தகைய முறையீடு எழுமாயின், பெயர் தெரியாத இளைஞனின் கதி என்ன என்பதே நமது கேள்வி.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. 1908-ல் 'ஸ்வதேச கீதங்கள்' வெளியிட்ட பாரதியார் பாட்டுக் கட்டினார், தாமே பாடினார், தம் நூல்களை அச்சேற்றப் பொருளின்றித் தவித்தார். 1921-ல் அவர் மறைந்தபின், அவருடைய பாடல்களை ஒலிபரப்பும் உரிமை கைமாறி, ஒரு சினிமா அதிபரிடம் சேர்ந்தது. 1949-ல் சென்னை அரசாங்கம் தலையிட்ட பிறகே அவை நாட்டின் உடைமையாயின. தேசம் முழுவதும் பாடிய பாட்டு, பாடியவனுக்குச் சோறு போடவில்லை. அந்த அவமானத்தைத் தமிழர் மறக்கலாகாது.

இன்று சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. இசைத்தட்டிலோ சினிமாவிலோ சேர்ந்த பாட்டின் கவியும் இசையமைப்பாளரும் தமக்குரிய சமபங்கு ராயல்டியை, வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் அன்றி வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது; மாறாக எழுதிக்கொண்ட பத்திரம் செல்லாது. பாத்தியதையை மாற்றும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடில், அது 5 வருஷத்துக்கே செல்லும். எல்லை குறிக்கப்படாவிடில், இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

ஆனால், பத்திரம் மௌனமாக இருக்குமிடத்தில்தான் சட்டம் இவ்வாறு பேசுகிறது. 'எக்காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும்' என்று எழுதியிருக்கும் தாளில் இளைஞன் கையெழுத்திட்டுவிட்டால், இந்த 5 வருஷமும் இந்திய எல்லையும் அவனைக் காக்கமாட்டா. ராயல்டிப் பங்கு சட்டப்படி மிஞ்சினாலும், கணக்கு எதிராளியின் கையில் இருக்கும். கோட்டை எவ்வளவு உறுதியாயினும், உள்ளிருப்பவனே வாயிலைத் திறந்துவிட்டால் மதில் என் செய்யும்?

ஆதலின் பாடும் இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இது: சுருதி சேர்ப்பதற்குக் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் பத்திரத்தை வாசிப்பதில் காட்டுங்கள். புரியாத வரிக்குக் கீழே கையெழுத்திடாதீர்கள். கூடிப் பாடினால், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்பதைப் பாட்டு வெளிவருமுன் எழுதிக்கொள்ளுங்கள். சிநேகிதர்களுக்குள் எழுத்து எதற்கு என்னும் கூச்சம் வேண்டாம். 1969-ல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தில் சேர்ந்து, பாட்டுகளைப் பதிந்துவையுங்கள்.

கேட்கும் ஜனங்களுக்கும் கடமை உண்டு. நாஞ்சில் நாட்டில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரரை அழைப்பவர்கள், தொகை பேசி முன்பணம் கொடுத்தே அழைக்கிறார்கள். விடிய விடியப் பாடியவரை வெறுங்கையோடு அனுப்புவதை எந்த ஊரும் கௌரவமாகக் கருதாது. அந்த ஊர் நியாயத்தைக் கைப்பேசியில் கேட்கும்போது மட்டும் நாம் மறந்துவிடலாமா? கல்லூரிகளும், பொதுக்கூட்டம் நடத்தும் கட்சிகளும், 'மேடை தருகிறோம், அதுவே போதும்' என்று இளம் பாடகரை இலவசமாக அழைக்கும் வழக்கத்தை விடவேண்டும். மேடைக்குப் பந்தல்காரர் கூலி வாங்குகிறார், ஒலிபெருக்கிக்காரர் வாங்குகிறார். பாடுகிறவர் மட்டும் ஏன் வாங்கக் கூடாது?

உழைப்பவனுக்கு விளைவில் உரிமை உண்டென்று மேடைதோறும் முழங்குகிறோம். பாட்டும் உழைப்பே. அடுத்த கூட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பாடகரின் சன்மானத்துக்கு முதல் வரியை ஒதுக்குங்கள். அன்றுதான் நம் முழக்கம் மெய்யாகும்.