வியர்வைப் பட்டைக்குப் பின்னால்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய தொப்பிகளுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. அங்கே விலைக்கு வரும் ஃபெடோராக்களில் பாதிக்கு மேல் '1940-களைச் சேர்ந்தது' என்ற சீட்டோடுதான் வருகின்றனவோ என்று தோன்றும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், விளிம்பு அகலமாக இருக்கிறது, உச்சியில் பள்ளம் இருக்கிறது, முன்பக்கம் இருபுறமும் கிள்ளிவிட்டது போலக் குழி விழுந்திருக்கிறது, 'காஸாபிளாங்கா' படத்தில் ஹம்ப்ரி போகார்ட் போட்டிருந்தது இப்படித்தானே என்பார்கள். ஒரு தொப்பியின் வயதுக்கு இருக்கும் சாட்சிகளிலேயே மிகப் பலவீனமானது அதன் உருவம்தான் என்பது என் கட்சி. உருவத்தை மட்டும் வைத்து ஆண்டைக் குறித்து விற்பவர், தெரிந்தோ தெரியாமலோ ஊகத்துக்குக் காசு வாங்குகிறார்.

நல்ல ஃபெடோராவின் ஃபெல்ட் நெய்த துணி அல்ல; முயல், பீவர் போன்றவற்றின் ரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் இறுக்கிச் செய்வது. ஆவியில் பிறந்தது ஆவிக்கு இளகும். கொதிக்கும் கெட்டிலின் மூக்கருகே சற்று நேரம் பிடித்தால் உச்சிப் பள்ளத்தைக் கையாலேயே மாற்றிவிடலாம். அந்தக் காலத்தில் பள்ளமே இல்லாமல் குடம் போன்ற உச்சியோடு கடைக்கு வந்த தொப்பிகளும் ஏராளம். வாங்குபவர் விரும்பியபடி கடைக்காரர் மடித்துக் கொடுப்பார். ஆகவே நாம் பார்க்கும் மடிப்பு கடைசியாகத் தொப்பியைக் கையாண்டவரின் விருப்பத்தைச் சொல்கிறதே தவிர, தொழிற்சாலையின் காலத்தை அல்ல. விளிம்பின் கதை கொஞ்சம் பரவாயில்லை. 1930, 40-களில் அகலமாக இருந்தது 1960-களில் நன்றாகக் குறுகியது என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அகல விளிம்பைப் பின்னாளில் வெட்டிக் குறுக்கலாம். நாட்டுப்புறப் பாணித் தொப்பிகளில் அகல விளிம்பு ஒருபோதும் மறையவும் இல்லை. இதற்கெல்லாம் மேலே 1981 வந்தது. 1936-இல் நடப்பதாகச் சொல்லப்பட்ட முதல் இண்டியானா ஜோன்ஸ் படம் ஹாரிசன் ஃபோர்டின் தலையில் அந்த உருவத்தை மறுபடி ஏற்றிவிட்டது. அன்று அதைப் பார்த்துச் செய்த நகல்களுக்கே இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. தூசியும் வியர்வைக் கறையும் அவற்றில் நிஜமாகவே படிந்திருக்கும்.

பிறகு எங்கே பார்ப்பது? தொப்பியின் உள்ளே, நெற்றியைத் தொடும் தோல் பட்டைக்குப் பின்னால். இந்த வியர்வைப் பட்டை அடி ஓரத்தில் மட்டும்தான் தைக்கப்பட்டிருக்கும். மெதுவாக வெளியே புரட்டினால் மறுபக்கம் தெரியும். அளவு குறித்த சிறு காகிதத் துண்டு அங்கே இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் தொழிற்சங்க முத்திரைச் சீட்டும் இருக்கும். இந்தச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வட அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினர்கள் செய்த தொப்பியில் மட்டும் ஒட்டுவதற்கென்று ஒரு சீட்டை வைத்திருந்தது. தபால் தலையைப் போல நான்கு ஓரத்திலும் துளைப்பல் இருந்தால்தான் அது அசல் என்று சங்கமே விளம்பரம் செய்தது. போலிச் சீட்டு அச்சிடும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது என்று இதற்குப் பொருள். சீட்டு இல்லாத தொப்பியை வாங்காதீர்கள் என்று டான்பரி நகரத்து முதலாளி ஒருவருக்கு எதிராகச் சங்கம் நடத்திய புறக்கணிப்பு, 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்ச் சங்கத்துக்குப் பாதகமாக முடிந்தது. அந்தச் சங்கம் 1934-இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து பெயரை மாற்றிக்கொண்டது. புதிய பெயர் 1980-களின் தொடக்கம்வரை நீடித்தது. எனவே சீட்டில் இணைப்புக்குப் பிந்தைய நீண்ட பெயர் இருந்தால், அந்தத் தொப்பியை 1920-களுக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது. அதேபோல, பழைய ஸ்டெட்சன் தொப்பியில் சீட்டு இல்லை என்பதற்காகச் சந்தேகப்படவும் வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டெட்சன் நிறுவனம் சங்கத்துக்கு வெளியே இருந்தது. சங்கத்தின் விளம்பரங்களே அதைப் பெயர் சொல்லிச் சாடின.

இந்தச் சாட்சிகள் இரண்டு வகை. ஒரு பொருள் தனக்குப் பின்னால் வந்ததைத் தன்னிடம் வைத்திருக்க முடியாது. தனக்கு முன்னால் இருந்ததை எத்தனை காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். எனவே 'இதற்கு முந்தியது அல்ல' என்ற எல்லை உறுதியானது, 'இதற்குப் பிந்தியது அல்ல' என்ற எல்லை நெகிழ்வானது. மேலரி என்ற டான்பரி நிறுவனத்தை ஸ்டெட்சன் 1946-இல் வாங்கியது. ஒரு மேலரி தொப்பியில் ஸ்டெட்சன் பெயரும் சேர்ந்து இருந்தால் அது 1946-க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. அதே தொப்பியின் பட்டையில் விற்ற கடையின் முகவரி 'நியூயார்க் 17' என்பதுபோல மண்டல எண்ணோடு பொறிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்கள் 1943-இல் வந்தன. 1963-இல் ஐந்து இலக்க ஜிப் எண் வந்ததும் போயின. ஆக, ஏறத்தாழ 1946 முதல் 1963 வரை. ஆனால் பழைய அச்சைத் தூக்கிப்போட மனமில்லாத கடைக்காரர் எந்த ஊரிலும் உண்டு என்பதால் மேல் எல்லைக்கு ஓரிரு ஆண்டு சலுகை தர வேண்டும். பழைய சின்னங்களின் நிலை இதைவிட மோசம். மாடுமேய்க்கி தன் தொப்பியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் ஸ்டெட்சனின் புகழ்பெற்ற படம் 1920-களில் வந்தது. 1971-இல் ஃபிலடெல்ஃபியா ஆலை மூடிய பிறகும், உரிமம் பெற்ற வேறு நிறுவனங்கள் செய்யும் தொப்பிகளின் லைனிங்கில் அது தொடர்கிறது. படத்தின் வயது தொப்பியின் வயது ஆகாது.

இந்த முறைக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பட்டையையும் லைனிங்கையும் ரிப்பனையும் மாற்றிவிடலாமே, 1930-இன் ஃபெல்ட்டில் 1955-இன் பட்டை இருந்தால் என்ன செய்வது? உண்மைதான், தொப்பியைச் சுத்தம் செய்து புதுப்பிப்பது அன்று தனித் தொழிலாகவே இருந்தது. திருப்பணி கண்ட கோயிலில், பழைய கல்வெட்டுக் கல் புதுச் சுவரில் இடம் மாறிப் பதிந்திருப்பதைக் கண்ட ஆய்வாளர் கல்வெட்டுப் படிப்பதையே விட்டுவிடுவதில்லை. கல்லுக்கு ஒரு காலம், சுவருக்கு ஒரு காலம் என்று பிரிக்கிறார். இங்கும் அதுவே வழி. தையலைப் பார்க்க வேண்டும்: ஃபெல்ட்டில் பழைய ஊசித் துளைகள் காலியாக இருந்து, புது நூல் வேறு துளைகளில் ஓடினால் பட்டை மாறியிருக்கிறது. ரிப்பனுக்கு அடியில் நிறம் மங்காத பகுதி ரிப்பனைவிட அகலமாக இருந்தால் ரிப்பன் மாறியிருக்கிறது. உருவத்தை நம்புகிறவருக்கு இப்படிச் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழியும் கிடையாது.

பட்டையைப் புரட்டினால் பழைய தோல் கிழியும் என்பது இன்னொரு மறுப்பு. காய்ந்து விறைத்த பட்டையைப் புரட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; சிறு டார்ச்சும் பல் மருத்துவரின் கண்ணாடியும் பல நேரங்களில் போதும். போதாதபோது விற்பவர் 'உள்ளே பார்க்கவில்லை' என்று எழுதட்டும். தலையில் போடும் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்குப் பதில் பாதரசம். ரோமம் எளிதில் இறுகுவதற்காகப் பாதரச நைட்ரேட் பூசுவது வழக்கம். டான்பரித் தொழிலாளர்களின் கைநடுக்கத்துக்கு ஊர்ப்பெயரே சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1941 டிசம்பர் 1 முதல் அந்தப் பாதரசப் பூச்சு நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஃபெல்ட்டில் பாதரச எச்சம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அருங்காட்சியகங்களில் கையுறை போட்டுத்தான் அவற்றைத் தொடுகிறார்கள். அன்றாடம் அணிவதற்கென்று வாங்குபவருக்கு 1938-ஆ 1948-ஆ என்பது சில்லறை விஷயம் அல்ல.

விற்பவர்கள் சொல்லும் கடைசி மறுப்பு வெளிப்படையானது: '1946–63' என்று எழுதினால் '1940-கள்' தரும் விலை கிடைக்காது. கிடைக்காதுதான். அந்த விலை வித்தியாசம் இன்று வாங்குபவர் தலையில் விழுகிறது. பட்டையின் பின்புறத்தையும் முகவரிப் பொறிப்பையும் தையலையும் படமெடுத்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் ஆட்சேபம் இல்லை.